பஞ்சு விழாத வீடு

நூற்காரன்பாளையம் என்று ஓர் ஊர். ஈரோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம், போய்த்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. சந்துக்குச் சந்து விசைத்தறிக் கூடம், பகலும் ராவும் டடக்கு டடக்கென்று ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் நின்று அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டு, நின்ற தறியைத் தட்டி ஓட்டி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணம் செய்து, கடைசியில் காதைத் தறிக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருந்தார்கள். அவர்கள் தின்னக் கொடுத்த காதில்தான் மற்றவர்கள் மாடி எழுப்பியிருந்தார்கள், ஆனால் அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே எவன் தொண்டை கிழியக் கத்தினாலும் எதிரில் இருப்பவனுக்குக் கேட்காது, ஆகவே ஒருவன் வாயசைத்தால் மற்றவன் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலுக்குச் சரி என்று பொருளில்லை. நீ என்னவோ சொல்கிறாய் என்று தெரிகிறது, வெளியே போனதும் பேசிக்கொள்ளலாம் என்று பொருள். ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரிந்திருந்தும், காது போனவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழக்க தோஷத்தில் தலையாட்டியபோது அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள். மாடியை யார் பெயருக்கு மாற்றுவது, எந்த மருமகள் எந்த அறையில், கறிக்குழம்பா ரசமா, எல்லாமே இப்படித் தலையாட்ட வைத்து முடித்துக்கொண்ட காரியங்கள்தான். இதைவிடச் சௌகரியமான பெரியவர்களை எந்த ஊரும் பெற்றிருக்க முடியாது.

அப்படியிருக்க, ஓர் ஆடி மாதத்தில் பஞ்சு விழ ஆரம்பித்தது.

தறி ஓடும் ஊரில் பஞ்சு பறப்பது புதிதல்ல, மூக்கிலும் புருவத்திலும் சோற்றிலும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். இது அந்தப் பஞ்சல்ல. ஒருவர் இன்னொருவரிடம் பேச, அந்தப் பேச்சு கேட்க வேண்டியவர் காதில் ஏறாமல் போனால், இருவருக்கும் நடுவில் அது பஞ்சாகத் தரையில் உதிர்ந்தது. அக்கறையாகச் சொன்னது வெள்ளையாக விழுந்தது. வசவு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுப்பாக விழுந்தது. நீட்டி முழக்கிச் சொன்ன புத்திமதியும் சபைப் பேச்சும் எடையே இல்லாமல் பொசுபொசுவென்று விழுந்து குவிந்தது.

ஏன் விழுகிறது என்று ஒரு வாரம் பேசினார்கள். ஈரப்பதம் என்றான் ஒருவன், மாரியம்மன் கோபம் என்றான் இன்னொருவன், புது ரக நூல்தான் காரணமென்று மில்லைத் திட்டினான் மூன்றாமவன். அதற்குப் பிறகு காரணத்தை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதைவிட முக்கியமான கவலை வந்துவிட்டது: பஞ்சு பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் பட்டுவிடுமே. மாமனார் கட்டிலுக்கு அடியில் கறுப்புப் பஞ்சு கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். வாசல் பெருக்குவதற்கு முன்னால் கட்டிலடியைப் பெருக்குவது ஊர்ப் பழக்கமாயிற்று. கழிவுப்பஞ்சு வியாபாரி ஒருவன் தெருத்தெருவாக வந்து மூட்டை கட்டிப் போனான், கறுப்பு எதற்கும் உதவாதென்றும் தலையணைக்குப் புத்திமதிப் பஞ்சைப்போல இதமானது உலகத்தில் இல்லையென்றும் அவன் கண்டுபிடித்துச் சொன்னான். மற்றபடி, பஞ்சு விழுகிறதே, அப்படியானால் இவ்வளவு நாளும் நாம் பேசியது எதுவும் இவர்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்று எவரும் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த அமளியில் பூபதி வீட்டில் மட்டும் பஞ்சு விழவில்லை.

பூபதி தறி உரிமையாளர் சங்கத்துச் செயலாளர், வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பவன், ஒன்றிலாவது மை இருந்ததா என்பது வேறு விஷயம். அவன் அம்மா தெய்வானை, தன் புருஷன் செத்த பிறகு தனியாளாக நாலு தறி ஓட்டி அவனையும் அவன் தங்கை மேகலாவையும் ஆளாக்கியவள், காது முக்கால்வாசி போனவள். அவளுக்கு மகன் காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருந்தான். வாங்கிக் கொடுத்தது ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காதுக்குப் பின்னால் பளிச்சென்று தெரிகிற பெரிய ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தான். கதவு சாத்திய அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் அதில் நன்றாகவே கேட்கும். ஆனால் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பூபதி வீட்டில் பஞ்சு விழாததற்குக் காரணம் அவ்வளவுதான். தட்டை வைத்தார்கள், தட்டை எடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள். பேசினால்தானே விழுவதற்கு.

ஊர் இதைப் பார்த்து வாய் பிளந்தது. பஞ்சில்லாத வீடு, பெற்றவளைக் கண்ணுக்குள் வைத்திருக்கிற பிள்ளை என்று சங்கத்தில் பூபதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவனும் கூச்சமில்லாமல் போர்த்திக்கொண்டு, தாய்ப் பாசத்தைப் பற்றிப் பேசினான். அந்தப் பேச்சைப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர்களுக்குச் சொன்னதால் அவர்கள் காலடியில் பொசுபொசுவென்று ஒரு குவியல் விழுந்தது. நல்ல தரமான பஞ்சு என்று வியாபாரி மகிழ்ந்தான்.

மேகலாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவள் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவனை, வேறு சாதிக்காரனை, விரும்பிக் கட்டிக்கொண்டு பவானிக்குப் போய்விட்டாள். உடனே ஊர் மடத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த ஊர்க் கட்டு என்னவென்றால், சாதி விட்டுப் போனவளைச் சேர்ப்பதோ தள்ளுவதோ பெற்றவள் வாக்குப்படிதான். பெற்றவள் சபையில் வரட்டும் என்று சொன்னால் வரலாம், வேண்டாமென்றால் வாசல் மிதிக்கக் கூடாது. பெரியதனம் அர்த்தநாரி, அதாவது ஊர்த் தலைமை, மேடையில் உட்கார்ந்து, உங்கள் மகளைத் தள்ளி வைத்துவிடலாமா என்று கேட்டார். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த தெய்வானைக்கு, மேலே மின்விசிறிகள் உறும, அவர் வாயசைவது மட்டும் தெரிந்தது. தலையாட்டினாள். முடிந்தது காரியம். அவள் தலையாட்டினாள் என்று மேகலாவுக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். மேகலாவுக்கு நம் பக்கம் திரும்பிப் பார்க்கவே இஷ்டமில்லையாம் என்று தெய்வானையிடம் பூபதி ஒரு வரி சொன்னான். வீட்டில் அவன் அம்மாவிடம் எதிரே உட்கார்ந்து தெளிவாகச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான், அதுவும் பொய்.

ஐந்து வருஷம் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு தெய்வானை மகளை மனதுக்குள் திட்டினாள், திட்டிவிட்டு அழுதாள்.

பஞ்சு விழ ஆரம்பித்த பிறகு ஊருக்குத் திடீரென்று பெரியவர்கள் காது மேல் பாசம் பொங்கிவிட்டது. சங்கத்தில் தீர்மானம் போட்டு, வேன் வைத்து, கும்பலாக ஈரோட்டுக்குப் போய்க் கேட்கும் கருவிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். முதலில் வெளியே தெரியாத ரகமாக, காதுத் துளைக்குள் பட்டாணிக் கடலை அளவில் அடங்குகிற கருவியாகக் கேட்டு வாங்கினார்கள், செவிட்டுக் குடும்பம் என்று பெயர் வந்துவிடக் கூடாதல்லவா. பிறகு யாரோ சொன்னார்கள், மண்டபத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் ஓட்டி மைக்கோடு இணைத்துவிட்டால், வளையத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் தன் காதுக் கருவியை 'டி' என்கிற இடத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும், பேச்சு நேராகக் காதுக்குள் வந்துவிடும் என்று. உடனே மடத்தில் வளையம் ஓட்டினார்கள். உபயம் அர்த்தநாரி என்று பளிங்குக் கல்லில் எழுதிப் பதித்தார்கள். உபயதாரர் உட்காருகிற இடம் மேடை என்பதால் கம்பியை மேடையைச் சுற்றி மட்டும் ஓட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும். கீழே பாயில் உட்கார்ந்த செவிடர்கள் வளையத்துக்கு வெளியே இருந்தார்கள். போதாததற்கு அவர்கள் காதிலிருந்த பட்டாணிக் கடலைகளில் 'டி' என்ற சங்கதியே கிடையாது, அந்தச் சின்ன உடம்பில் அதற்கு இடமில்லை. ஆகவே திறப்பு விழாவன்று உபயதாரர் பேசிய பேச்சு முழுவதும் பஞ்சாக விழுந்தது. கல்லில் பெயர் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பூபதி தன் அம்மாவைத் தனியாகக் காரில் கூட்டிப்போனான். காதுப் பரிசோதனை நிலையத்தில் இருந்த நஸ்ரின் என்ற பெண், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தெய்வானைக்கு எதிரே உட்கார்ந்து, உங்களுக்கு எங்கே கேட்கமாட்டேன் என்கிறது, யார் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று கேட்டாள். அதைச் சொன்னால்தான் கருவி எதுவென்று பார்க்க முடியும், இடத்துக்கு இடம் அது வேறு என்றாள். தெய்வானை யோசித்து வாயைத் திறப்பதற்குள் பூபதி பதில் சொல்லிவிட்டான்: டிவி. அம்மாவுக்கு டிவி கேட்டால் போதும், இருப்பதிலேயே உசத்தியானதை எடுங்கள். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு கறுப்புப் பெட்டி வந்தது, டிவியின் சத்தத்தை அது நேராகக் காதுக் கருவிக்கு அனுப்பும். நல்ல கருவிதான், குறை சொல்ல முடியாது. தெய்வானைக்கு டிவி பார்க்கப் பிடிக்காது என்பது ஒன்றுதான் குறை. எவளோ எவளையோ விஷம் வைத்துக் கொல்லத் திட்டம் போடுவது இப்போது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது, பக்கத்துச் சோபாவில் இருந்த மகன் அவளிடம் ஒன்றும் பேசாமல் இருந்ததும் அதே துல்லியத்தோடு இருந்தது.

பங்குனியில் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழா நெருங்கியது. ஒருநாள் பூபதி குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் மனைவி சுகந்தி மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுகந்தி பயந்தாங்கொள்ளி, புருஷன் செருப்பு சத்தம் கேட்டாலே கை காரியத்தைக் கீழே போடுகிறவள், ஆனாலும் மனசு கல்லில்லை. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மேகலா மடியில் ஒரு பெண் குழந்தை, மொட்டை போட்ட தலை, முழிக்கிற முழி அப்படியே தெய்வானை.

"வரோணும்னு கேட்டு மடத்துக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்குதுங் அத்த," என்று சுகந்தி காதருகில் சொன்னாள். "பூச்சாட்டுக்கு முன்னால கூட்டம் போடறாங்க. உங்களத்தான் கேப்பாங்க."

அவளுக்கு வர இஷ்டமில்லை என்றல்லவா சொன்னான் என்று தெய்வானை கேட்டாள். சுகந்தி குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று மத்தியானம் பூபதி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையை ஆட்டி, மடத்துக்கு வர வேண்டியிருக்கும், போன தடவைபோல வந்து தலையாட்டிவிட்டு வந்துவிடு என்று சைகையும் வாயுமாகச் சொன்னான். போன தடவைபோல என்ற சொல் அவளுக்குப் புரிந்தது. போன தடவை எதற்குத் தலையாட்டினோம் என்று அவளுக்குத் தெரியாது. அதைவிடப் பயம், இந்தத் தடவையும் தெரியாமல் போய்விடுமே என்பது. வரட்டுமா என்று கேட்பார்களா, வராமல் இருக்கட்டுமா என்று கேட்பார்களா? எதற்கு ஆமாம், எதற்கு இல்லை? பேத்தியின் முகம் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் டிவிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியிலேயே போட்டுக் கட்டி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள். நஸ்ரினுக்கு எதிரே உட்கார்ந்து, இதை எடுத்துக்கொண்டு வேறு கொடுங்கள் என்றாள்.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே கண்ணு, பதிலை எம்பையன் சொல்லிப்போட்டான்," என்றாள். "எனக்கு டிவி வேண்டாம். எங்கூரு மடத்துல தலைவர் என்னைப் பாத்து என்ன கேக்கறார்னு எனக்குக் கேக்கோணும்."

நஸ்ரின் மடம் எவ்வளவு பெரிது, விசிறி எத்தனை ஓடும், நீங்கள் எங்கே உட்காருவீர்கள், அவர் எங்கே என்றெல்லாம் விசாரித்தாள். கழுத்தில் மாலைபோல மாட்டுகிற கம்பி ஒன்றைக் காட்டினாள், அது போன் பேச நல்லது, மடத்துக்கு உதவாது என்றாள். மடத்தில் வளையம் இருக்கிறதே என்று தெய்வானை சொல்ல, எங்கே ஓட்டியிருக்கிறார்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசியில் தீப்பெட்டியில் பாதியளவு இருந்த ஒரு சட்டைக்கவ்வி மைக்கை எடுத்தாள். அதைத் தன் துப்பட்டாவில் கவ்வவிட்டு, வராந்தாவின் கடைசிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினாள். எதிரே உட்கார்ந்து பேசுவதுபோலத் தெய்வானைக்குக் கேட்டது. இது காதைத் திருப்பிக் கொடுக்காது, பேசுகிறவரைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கும், அவ்வளவுதான் என்றாள் நஸ்ரின். பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். மேசையில் வைத்தால் டம்ளர் சத்தம்தான் கேட்கும். முக்கியமாக, எதிராளி இதை மாட்டிக்கொள்ள ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு என்னிடம் கருவி இல்லை என்றாள்.

கூட்டத்தன்று மடம் நிரம்பியிருந்தது. மேடையில் அர்த்தநாரியும் மூன்று நாலு பெரிய மனிதர்களும், பக்கத்தில் பூபதி. அவனுக்குள்ள கவலையெல்லாம், தங்கை திரும்பி வந்தால் அடுத்த பெரியதனம் தனக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்பதுதான். தங்கையை விற்று நாற்காலி வாங்குகிறவனைத்தான் ஊர் தாய்ப் பாசத்துக்குப் பொன்னாடை போர்த்தி வைத்திருந்தது. தெய்வானை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நேராக மேடைக்குப் போய், சட்டைக்கவ்வியை அர்த்தநாரிக்கு முன்னால் நீட்டினாள். ஒரு பெண்பிள்ளை கொடுத்ததை வாங்கிச் சபையில் மாட்டிக்கொள்வதா என்று அவருக்கு முகம் சுருங்கியது. ஆட்டுக்கு மணி கட்டுவதைப்போல எனக்குக் கட்டப் பார்க்கிறாயா, என் குரல் எட்டுப் பட்டிக்குக் கேட்கும் என்றார். அதைச் சொல்லி முடித்ததும் கேள்வியையும் கேட்டு முடித்துவிடலாமென்று, பூபதி கண் காட்ட, அவசரமாக எதையோ கேட்டார். தெய்வானைக்கு உதடு அசைந்தது தெரிந்தது. கழுத்து தானாக அசையப் பார்த்தது, முப்பது வருஷத்துப் பழக்கம் அல்லவா. அவள் இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அவர் கேட்ட கேள்வி அவர் வேட்டிக்கும் அவள் சேலைக்கும் நடுவில் பொசுபொசுவென்று விழுந்து கிடந்தது.

சபை முழுவதும் அதைப் பார்த்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஏதும் விழவில்லை, தலையாட்டலைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். இப்போது அப்படிப் போக முடியவில்லை. பஞ்சு விழாத வீட்டுப் பெண்பிள்ளைக்கா இப்படி என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. பூபதி செருப்பில்லாத காலால் அந்தக் குவியலை மேடைக்கு அடியில் தள்ளப் பார்த்தான், அது அவன் கால் விரல்களில் ஒட்டிக்கொண்டது.

"நீங்க பேசுனது எனக்கு வந்து சேரலீங்," என்று தெய்வானை சொன்னாள். "கீழ கெடக்குது பாருங்க."

வேறு வழியில்லாமல் அர்த்தநாரி சட்டைக்கவ்வியை வாங்கிக் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டார். அவர் பெருமூச்சு விட்டது தெய்வானையின் காதுக்குள் புயலடித்ததுபோல வந்தது. பிறகு குரல் வந்தது, பக்கத்தில், மிகப் பக்கத்தில், அவர் காலையில் போட்ட வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தது வரைக்கும் தெளிவாக.

"ஏனம்மிணி, உம்பட மகளைத் தள்ளி வெச்சது வெச்சபடியே இருக்கட்டுமா?"

"தள்ளி வெச்சதுங்களா? ஆருங்க தள்ளி வெச்சது?"

"நீதான். இதே எடத்துல கேட்டம். நீதான் தலையாட்டுன."

தெய்வானைக்கு அந்த நிமிஷம் இந்தக் கருவி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பெற்ற மகளைத் தன் கழுத்தே வெட்டிப் போட்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள ஐந்து வருஷமும் இத்தனை பெரிய கூட்டமும் தேவைப்பட்டிருக்கிறது. மகளைத் திட்டித் திட்டி அழுத அழுகையெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேடையில் மகனைப் பார்த்தாள். அவன் இரண்டு பேனாவையும் சரிசெய்துகொண்டிருந்தான்.

"தறிக்கூடத்துல தலையாட்டுனா என்ன அர்த்தம்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

எல்லாருக்கும் தெரியும். அவர்களும் தறிக்கூடத்தில் பிறந்தவர்கள்தான், தங்கள் அப்பனையும் ஆத்தாளையும் அப்படியே தலையாட்ட வைத்தவர்கள்தான்.

"எம்மக வரட்டும்," என்றாள் தெய்வானை. "எங்கூட்டுக்கு வரட்டும், கோயலுக்கு வரட்டும். எல்லாத்துக்கும் கேட்டுச்சுங்களா?"

கட்டுப்படி அத்தோடு கூட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஊருக்குக் கட்டு என்பது தங்களுக்கு வேண்டியபடி இருக்கும்வரைதான் கட்டு. அர்த்தநாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பெற்றவள் வாக்கு என்றால் வெறும் வாய்வார்த்தை இல்லை, முதலில் ஆட்டிய தலைக்கு என்ன பதில், ஒரு வாக்கை இன்னொரு வாக்கு மாற்ற முடியுமா, அண்ணன்காரன் சம்மதம் வேண்டாமா என்று. தெய்வானை அவர் கிட்டே போய் சட்டைக்கவ்வியை அவர் கழுத்துப்பட்டையிலிருந்து கழற்றினாள். பிறகு தன் இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினாள். மேடையின் விளிம்பில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஆண்கள் அவளிடம் பேசினார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து குல மானம் பற்றிப் பேசினார்கள், முன்னோர் பற்றிப் பேசினார்கள், பெண்ணடக்கம் பற்றிப் பேசினார்கள், அவளுக்குக் கேட்கவில்லையென்று தெரிந்ததும் இன்னும் உரக்கப் பேசினார்கள். பூபதி பேசியது மட்டும் கறுப்பாக விழுந்தது. மற்றவர்கள் பேசியதெல்லாம் பொசுபொசுவென்று இறங்கி, அவள் கணுக்காலை மூடி, முழங்காலுக்கு ஏறியது. அவள் தலையாட்டவில்லை. யார் வாயசைத்தாலும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படிப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாததால் மேலும் மேலும் பேசினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து வெளியே போய் ஒரு நூல் சாக்கோடு வந்தாள். சுகந்தி. புருஷன் கத்திக்கொண்டிருக்க, அவன் முகத்தைப் பார்க்காமல், கறுப்பை ஒதுக்கிவிட்டு நல்ல பஞ்சாகப் பார்த்துச் சாக்கில் அள்ளினாள். தெய்வானையும் குனிந்து அள்ளினாள். சாக்கு நிறைந்ததும் வாயைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மாமியார் வெளியே நடந்தாள். எடையே இல்லை.

பஸ் நிற்கிற இடத்தில், முடிவு தெரியும்வரை ஊருக்குள் வரக்கூடாதென்று சொல்லிவைத்திருந்ததால், மேகலா புளியமரத்து நிழலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெய்வானை சாக்கை இறக்கிவைத்தாள், டப்பாவைத் திறந்து கருவிகளைக் காதில் மாட்டினாள், சட்டைக்கவ்வியை மகளின் சேலையில் தோளுக்குக் கீழே கவ்வவிட்டாள். மேகலா அதைத் தட்டிவிடவில்லை. பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன, அந்த இரைச்சலுக்குள் தெய்வானைக்கு முதலில் கேட்டது, மகளின் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த குழந்தை விக்குகிற சத்தம்.

"நீ வேண்டாம்னு சொன்னயாமா," என்றாள் மேகலா, மெதுவாக, கேட்காதென்று நினைத்துக்கொண்டு.

"எனக்குக் கேக்கலடா கண்ணு. தலைய மட்டும் ஆட்டிப்போட்டேன்."

அதற்குப் பிறகு மேகலா பேசிய பேச்சு, அழுகையும் கோபமுமாக ஐந்து வருஷத்துப் பேச்சு, ஒரு நூலிழைகூடத் தரையில் விழவில்லை.

மகளோடு தெய்வானை பவானிக்குப் போய்விட்டாள். பெற்றவள் வாக்கு செல்லுமா செல்லாதா என்று நூற்காரன்பாளையத்துப் பெரிய மனிதர்கள் இன்னும் மடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூபதி வீட்டில் இன்றும் பஞ்சு விழுவதில்லை, சங்கத்தில் இன்றும் அந்த வீட்டை உதாரணம் காட்டுகிறார்கள். அந்தச் சாக்குப் பஞ்சில் தெய்வானை ஒரு சின்னத் தலையணை தைத்தாள். குல மானம், முன்னோர், பெண்ணடக்கம் எல்லாவற்றின் மேலும் மொட்டைத் தலையை வைத்துக்கொண்டு, வாயோரம் எச்சில் ஒழுக, பேத்தி நன்றாகத் தூங்குகிறாள்.